பீங்கானில் எழுதிய பெயர்கள்

1717-ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டின் ஆட்சியாளரும் போலந்தின் அரசருமாகிய அகுஸ்துஸ் என்பவர், தம் படையிலிருந்து 600 குதிரைவீரரைப் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியத்துக்குக் கொடுத்துவிட்டார். குதிரைகளைக் கொடுக்கவில்லை. ஆயுதங்களையும் கொடுக்கவில்லை. ஆட்களை மட்டுமே கொடுத்தார். ஈடாக அவர் பெற்றுக்கொண்டவை பிரஷ்ய அரண்மனைகளில் இருந்த 151 சீனப் பீங்கான் கலங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கலத்துக்கு ஏறத்தாழ நான்கு மனிதர். அந்தத் தொகுதியில் இருந்த நெடிய நீலவண்ணச் சாடிகளுக்கு, அவ்வகைக் குதிரைவீரரின் பெயரால், 'டிராகூன் சாடிகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. டிரெஸ்டன் நகரின் ஸ்விங்கர் மாளிகையில் உள்ள பீங்கான் காட்சியகம் அவற்றை இன்றும் பேணி வருகிறது. கைமாறிப்போன வீரரைக் கொண்டு அமைந்த பிரஷ்யப் படைப்பிரிவையோ மக்கள் 'பீங்கான் படை' என்று அழைத்தனர். அகுஸ்துசின் கலங்களுக்கு எண்ணிட்ட பட்டியல் உண்டு. கலை வரலாற்று நூல்கள் அந்த எண்களை மதித்துக் குறிப்பிடுகின்றன. 600 பேருடைய பெயர்களை அவை குறிப்பிடுவதில்லை.

ஜெர்மனியின் பழம்பீங்கான்களைச் சேகரிப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்களில் ஒரு சாரார் பூவும் பறவையும் தீட்டிய கலங்களை விடுத்து, நாட்டுப்பற்றும் படைப்பெருமையும் பேசுகின்ற கோப்பைகளையும் தட்டுகளையும் குவளைகளையும் மட்டுமே தேடுகின்றனர். இரும்புச் சிலுவை, கருகருவாலி இலைமாலை, பேரரசரின் உருவம், படைப்பிரிவின் எண் ஆகியவை அவர்கள் நாடும் அடையாளங்கள். இதனைப் போர்வெறியின் மிச்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பொழுதுபோக்கு என்று புன்னகைத்துக் கடந்துவிடுவதும் எளிது. இரண்டும் பொருந்தா என்பதே என் எண்ணம். சமையலறை வரைக்கும், சாப்பாட்டு மேசை வரைக்கும் போர் எவ்வாறு நடந்து வந்தது என்பதற்கு இப்பொருள்களைவிடத் தெளிவான சான்று அரிது.

பீங்கான் செய்யும் முறை ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. பொன் செய்து காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த யோகான் பிரெடெரிக் பெட்கர் என்னும் இளைஞரை அகுஸ்துஸ் பிடித்து அடைத்துவைத்தார். பொன் வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து உழைத்ததன் பயனாக, 1708-இல் வெண்களிமண்ணிலிருந்து உண்மையான பீங்கான் வந்தது. 1710-இல் மைசென் நகரக் கோட்டையில் தொழிற்சாலை எழுந்தது. களிமண்ணை ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தில் சுட்டு, கண்ணாடிபோல் இறுகவைக்கும் கலை அது. அந்த மறையைக் கண்டவரோ 1719-இல் தம் 37-ஆம் வயதில் உடல் நலிந்து இறந்தார். தொழிற்சாலையின் அடையாளமாக 1722 முதல் கலங்களின் அடியில் தீட்டப்பட்டவை குறுக்கிட்ட இரு வாள்கள். புனித உரோமைப் பேரரசில் சாக்சனி ஆட்சியாளர் வகித்த படைத்தலைமைப் பதவியின் சின்னம் அது. தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வாள் கிடக்கும்.

எனினும் மைசெனின் சூளையில் வாளுக்கு மட்டுமே இடம் இருந்தது என்று சொல்லிவிடலாகாது. போலந்தின் அரியணைக்காக 1697-இல் கத்தோலிக்க மறையைத் தழுவியவர் அகுஸ்துஸ். அந்த மனமாற்றத்தின் ஆழத்தை ஆண்டவர் ஒருவரே அறிவார். அவர் மகன் காலத்தில் அரசவை உண்மையாகவே கத்தோலிக்க அவையாக விளங்கியது. மைசெனின் தலைசிறந்த சிற்பி யோகான் யோவாக்கிம் கெண்ட்லர், அந்நாளில் திருத்தூதர்களின் உருவங்களைப் பீங்கானில் வடித்தார். புனித பிரான்சிஸ் சவேரியாரின் இறப்பையும் வடித்தார். முத்துக்குளித்துறையில் சிற்றூர் சிற்றூராக நடந்து திருமுழுக்களித்த நம் சவேரியார், 1552-இல் சீனக் கரையை அடுத்த சன்சியான் தீவில் உயிர்நீத்த காட்சி, சீனத்தின் மறையை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஜெர்மானியச் சூளையில் வெந்து வெண்மையாக எழுந்தது. இப்படி ஒரு படைப்பு இருப்பதை நம்மவரில் அறிந்தோர் சிலரே.

1756-இல் தொடங்கிய ஏழாண்டுப் போர் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக் சாக்சனிக்குள் புகுந்து மைசெனையும் வசப்படுத்தினார். தமக்கும் தம் தளபதிகளுக்கும் வேண்டிய விருந்துக் கலங்களை அங்கேயே செய்வித்துக்கொண்டார். போர் முடிந்த 1763-இல் பெர்லினில் இருந்த பீங்கான் தொழிற்சாலையை 2,25,000 தாலர் கொடுத்து வாங்கி அரசுடைமையாக்கினார். அதன் அடையாளம் செங்கோல். ஆக, ஒரு நாட்டுக் கலத்தின் அடியில் வாள், மறுநாட்டுக் கலத்தின் அடியில் செங்கோல். நெப்போலியனை எதிர்த்த போரின்போது, 1813 மார்ச்சு 10-ஆம் நாள், பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் இரும்புச் சிலுவை விருதை நிறுவினார். போர் முடிந்தபின் வெற்றித் தளபதிகளுக்கு அவர் அளித்த பெர்லின் பீங்கான்களில் அதே சிலுவை ஏறியது. வெலிங்டன் கோமகனுக்கு அவர் அனுப்பிய பெரும் விருந்துத் தொகுதி இலண்டனில் வெலிங்டன் வாழ்ந்த ஆப்சிலி மாளிகையில் இருக்கிறது. சிலுவையை வீரத்துக்குப் பரிசாக்கியதை மட்டும் நான் குறைகூற மாட்டேன். அதற்கும் முன்பே பல நூற்றாண்டுகளாகச் சிலுவை கொடிகளில் பறந்திருக்கிறது. ஆனால் உணவுத் தட்டின் நடுவில் அது ஏறியபோது, அதன் பொருள் ஒரு படி கீழிறங்கியது என்று சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை பீங்கானில் இடம்பெற்றோர் அரசரும் தளபதிகளும். எளிய படைவீரன் அதில் இடம்பெற்றது 1871-இல் ஜெர்மானியப் பேரரசு உருவானதற்குப் பின்னரே. அதற்குள் தூரிங்கியாவிலும் பவேரியாவின் செல்ப் நகர்ப்புறத்திலும் நிலக்கரிச் சூளைகள் பெருகிவிட்டன. அச்சுப்படத்தை ஒட்டிச் சுடும் முறை வந்ததால் விலையும் குறைந்தது. கட்டாயப் படைச்சேவை முடித்து வீடு திரும்பும் இளைஞன், தன் கைப்பணத்தில் ஒரு பீர்க் குவளை வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. சேகரிப்போர் இதனை 'ரிசர்விஸ்ட் குவளை' என்கின்றனர். 1893-க்குப் பின் காலாட்படையில் சேவை இரண்டாண்டு, குதிரைப்படையில் மூன்றாண்டு. இந்த ஆண்டுகளின் நினைவாகவே குவளை செய்யப்பட்டது. அரை லிட்டர் கொள்ளும். பீங்கானிலும் சுடுமண்ணிலும் வந்தது. வெள்ளீய மூடியின் உச்சியில் ஒரு சிறு வீரன் நிற்பான். உடலில் படைப்பிரிவின் எண், பாசறை வாழ்க்கைக் காட்சிகள், உரியவனின் பெயர், 'என் சேவைக்காலத்தின் நினைவாக' என்னும் வாசகம் ஆகியவை இருக்கும். கைப்பிடியின் இருபுறமும் அவனோடு ஒரே கம்பெனியில் சேவை செய்த தோழரின் பெயர்கள் பத்தி பத்தியாக இருக்கும்.

இக்குவளைகளில் பலவற்றின் அடிப்பகுதியில் ஒரு விந்தை உண்டு. மேலிருந்து பார்த்தால் வெறும் மேடுபள்ளமான வெண்தளம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அதில் ஓர் ஓவியம் தோன்றும். 1827-இல் பாரிசில் உரிமம் பெற்ற ஒரு நுட்பம் இது. ஒளி ஊடுருவும் தட்டின்மேல் மெழுகைப் பரப்பி, பின்னாலிருந்து விளக்கொளி வர, சிற்பி மெழுகைச் செதுக்குவார். மெழுகிலிருந்து சுண்ணச்சாந்து அச்சு எடுப்பர். அந்த அச்சில் பதித்த மெல்லிய பீங்கானைச் சுடுவர். தடித்த இடம் இருளாகவும் மெலிந்த இடம் ஒளியாகவும் தெரியும். படைக்குவளைகளில் வழக்கமாக இடம்பெறும் காட்சிகளுள் ஒன்று, வீரன் ஒருவன் தன் காதலியிடம் விடைபெறுவது. குவளையில் பீர் இருக்கும்வரை காட்சி தெரியாது. குடித்து முடித்தவன் கண்ணுக்கு மட்டுமே அது புலப்படும்.

'ரிசர்வ் படைக்கு ஓய்வு' என்பது இக்குவளைகளில் மிகுதியாகக் காணப்படும் வாசகம். சேவை முடிந்தது, இனி உழவும் தொழிலும் குடும்பமும்தான் என்ற மகிழ்ச்சி அதில் ஒலிக்கிறது. 1912-லோ 1913-லோ இலையுதிர் காலத்தில் அக்குவளையைச் சுமந்து வீடு திரும்பியவனை எண்ணிப் பார்க்க வேண்டும். 1914 ஆகஸ்டு முதல் நாளில் படைதிரட்டும் ஆணை வந்தது. ரிசர்வ் படையினர் அனைவரும் அழைக்கப்பட்டனர். குவளை வீட்டில் தட்டுப்பலகைமேல் நின்றது, உரியவன் போர்முனைக்குப் போனான். அந்தப் போரில் மாண்ட ஜெர்மானிய வீரர் ஏறத்தாழ 20 லட்சம். ஆகவே போர்த் தொடக்கத்துக்குச் சற்று முன்னைய ஆண்டுகளின் குவளை ஒன்றை இன்று கையில் எடுப்பவர், தம்மை அறியாமலே ஒரு பட்டியலைக் கையில் எடுக்கிறார். கல்லறைக் கல்லில் இறந்தபின் பெயர் எழுதுகிறோம். இங்கே இறப்பதற்கு முன்பே, சிரித்துக்கொண்டே, காசு கொடுத்து எழுதிக்கொண்டார்கள்.

போர் மூண்டதும் வேறொரு வெள்ளம் புறப்பட்டது. 1914 என்ற ஆண்டு பொறித்த இரும்புச் சிலுவை கோப்பைகளிலும் சாம்பல் கிண்ணங்களிலும் சர்க்கரைச் சிமிழ்களிலும் ஏறியது. கெய்சர் வில்லியமும் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸ் யோசேப்பும் தட்டுகளில் தோளோடு தோள் நின்றனர். பின்னர் தளபதி ஹிண்டன்பர்க்கின் முகம் எங்கும் நிறைந்தது. அன்றே இதனை எதிர்த்த ஒருவர் உண்டு. ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் குஸ்தாவ் பட்சாவுரெக் என்பவர், 1909-இலேயே சுவைகெட்ட கைவினைப் பொருள்களுக்கென ஒரு தனிப்பிரிவு அமைத்திருந்தார். மக்கள் வந்து பார்த்து, எதை வாங்கக்கூடாது என்று தெளிய வேண்டும் என்பது அவர் நோக்கம். போர்க்காலத்து நாட்டுப்பற்றுப் பண்டங்களுக்கு 'ஹுரா கிட்ச்' என்று பெயர் சூட்டினார். ஆரவாரக் குப்பை என்று நாம் சொல்லலாம். அந்தக் குப்பையையும் அவர் கவனமாகச் சேர்த்துவைத்தார். இன்று இப்பொருள்களைச் சேகரிப்போரின் முன்னோடிகளுள் ஒருவர், அவற்றை வெறுத்தவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பட்சாவுரெக்கின் வருத்தம் அழகைப் பற்றியது. விசுவாசியின் வருத்தம் வேறு. பிரஷ்ய வீரரின் இடுப்புவார்க் கொக்கியில் 'கடவுள் நம்மோடு' என்ற வாசகம் இருந்தது. போர்க்காலக் கோப்பைகளிலும் அதுவே வந்தது. நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மத்தேயு 'இம்மானுவேல்' என்ற பெயருக்குத் தரும் பொருளும் அதுவே அன்றோ! மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையின் பெயர் படைவாரில் ஏறியது. எதிரணியில் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கரும் அதே கடவுளைத் தம்மோடு இருக்குமாறு மன்றாடினர். இரு நாட்டு ஆயர்களும் தத்தம் நாட்டின் வழக்கே நேரியது என்று மேய்ப்புப்பணி மடல்கள் எழுதினர். 1914 செப்டம்பர் 3-ஆம் நாள் பதவியேற்பதற்கெனத் தெரிவான திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் மட்டும் இரு பக்கத்தாரின் வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டார். அவரை நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கினர். 1917 ஆகஸ்டு முதல் நாளிட்ட அமைதி மடலில் அவர் அந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்றார். அரசுகள் செவிசாய்க்கவில்லை. அவருடைய உருவம் தீட்டிய கோப்பைகளுக்கு அன்று சந்தையில் யார் விலை கொடுத்திருப்பர்?

அந்தக் கோப்பைகள் கொண்டாடிய போர் நம் கரைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே கொக்கோஸ் தீவருகே அழிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கி, சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைக் குறிக்கும் பேச்சுவழக்காகிவிட்டது.

ஜெர்மனியின் வீடுகளிலோ தட்டுகள் வெறுமையாயின. பெர்லினில் 1915-இன் தொடக்கத்திலேயே ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்துப்போய், கால்நடைக்கு இடும் ஒருவகைக் கிழங்கையே மக்கள் தின்றனர். அந்தக் குளிர்காலத்துக்கே அக்கிழங்கின் பெயர் வந்துவிட்டது. வெற்றித் தளபதியின் முகம் தீட்டிய தட்டில் இடுவதற்கு வேறொன்றும் இல்லை. பொன்விளிம்பு சற்றும் தேயாமல் இன்று நம் கைக்கு வரும் போர்க்காலக் கோப்பைகளைப் பார்க்கையில், அவை அலமாரியில் வைப்பதற்கென்றே வாங்கப்பட்டவையா, அல்லது ஊற்றுவதற்குக் காப்பியே இல்லாமற்போயிற்றா என்ற ஐயம் எழாமல் இராது.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. செல்ப் நகரில் பெரும் புகழ்பெற்ற பீங்கான் நிறுவனத்தை வளர்த்த பிலிப் ரோசெந்தால் யூதக் குடியில் பிறந்தவர். நாத்சிகள் ஆட்சிக்கு வந்தபின் அவர் தம் நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டு, 1937-இல் மறைந்தார். உலகெங்கும் விலைபோன பெயர் என்பதால் 'ரோசெந்தால்' என்ற வணிகப் பெயரை மட்டும் விட்டுவைத்தனர். மனிதர் வேண்டாம், பெயர் வேண்டும் என்றாயிற்று. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் படையில் நின்ற யூதர் ஏறத்தாழ ஒரு லட்சம். மாண்டோர் 12,000. பழைய படைக்குவளைகளின் பெயர்ப்பத்திகளில் அவர்கள் பெயரும் கலந்தே நிற்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், மூனிக் நகரை அடுத்த ஆலாக் என்னும் ஊரில் எழுந்த பீங்கான் தொழிற்சாலை, ஹிம்லரின் எஸ்.எஸ். அமைப்பின் உடைமையாகி, 1937-இல் டாக்காவ் வதைமுகாமை ஒட்டிய வளாகத்துக்கு மாறியது. குதிரைமேல் வீற்றிருக்கும் மன்னர் பிரெடெரிக், வாளேந்திய குதிரைவீரன் முதலிய உருவங்கள் அங்கே மிகுந்த திறமையோடு வார்க்கப்பட்டன. முகாமின் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவின் இடத்தில் குளிர்காலக் கதிரவன் விழாவை நிறுவ விரும்பிய ஹிம்லர், அவ்விழாவுக்கென மண்விளக்கு ஒன்றையும் ஆலாக் சூளையில் செய்வித்துத் தம் ஆட்களுக்குப் பரிசளித்தார். முகாமிலோ 2,700-க்கும் மேற்பட்ட மறைப்பணியாளர் அடைபட்டிருந்தனர். அவர்களில் 2,579 பேர் கத்தோலிக்கர், பெரும்பாலோர் போலந்து நாட்டவர். ஆயிரத்துக்கும் மேலானோர் அங்கே மாண்டனர். 1942-இல் அங்குக் கொல்லப்பட்ட கார்மேல் சபைக் குரு தித்துஸ் பிராண்ட்ஸ்மாவைத் திருச்சபை 2022-இல் புனிதராக அறிவித்தது. காசநோயால் இருமிக்கொண்டிருந்த திருத்தொண்டர் கார்ல் லைஸ்னர், 1944 டிசம்பர் 17-ஆம் நாள் அங்கேயே, சிறைப்பட்டிருந்த பிரெஞ்சு ஆயர் ஒருவரின் கைகளால் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஜெர்மானியர் ஒருவரின் தலைமேல் பிரெஞ்சுக்காரரின் கைகள்!

ஆலாக் உருவங்கள் இன்றும் ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. நாத்சிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதற்கு ஜெர்மானியத் தண்டனைச் சட்டம் தடை விதித்திருக்கிறது, ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. சட்டம் அவ்வளவே செய்ய முடியும். பீங்கான் குதிரை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் அந்த அமைப்பின் இரட்டை எழுத்தைக் கண்டபின்னும், 'என்ன நயமான வேலைப்பாடு' என்று மட்டும் சொல்லித் திரும்ப வைத்துவிடும் சேகரிப்பாளரை என்னால் மதிக்க இயலவில்லை. அருங்காட்சியகத்தில், விளக்கக் குறிப்போடு, முகாமின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைப்பதே அதற்குரிய இடம்.

குவளைகளின் செய்தி வேறு. அவற்றிலும் போலிகள் மலிந்துள்ளன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அயல்நாட்டுப் பயணிகளுக்கென்று புதிதாகச் செய்தவை ஏராளம். பழைய வெற்றுக் கோப்பைமேல் இரும்புச் சிலுவையைப் புதிதாக ஒட்டிச் சுட்டு விற்பாரும் உளர். தேர்ந்தவர் கைப்பிடியின் தேய்மானத்தையும், எழுத்தின் வடிவையும், படைப்பிரிவின் எண்ணுக்கும் நகருக்கும் உள்ள பொருத்தத்தையும் பார்த்துத் தெளிவர். உண்மையான குவளையின் பெயர்கள், இன்றைய ஜெர்மானிய இளைஞரே தடுமாறும் பழைய கோண எழுத்தில் இருக்கும். அயல்நாட்டுச் சேகரிப்பாளர் பலர் அப்பெயர்களுக்காகவே அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்கின்றனர்.

கற்றவர் அதோடு நிற்பதில்லை. பிரஷ்ய அரசு 1914 ஆகஸ்டு முதல் வெளியிட்ட இழப்புப் பட்டியல்கள் இன்று கணினியில் தேடுமாறு கிடைக்கின்றன. 1919-இல் தோன்றிய ஜெர்மானியப் போர்க்கல்லறைப் பேணுகைச் சங்கத்தின் ஏடுகளிலும் தேடலாம். குவளையில் படைப்பிரிவும் கம்பெனியும் உண்டு. பட்டியலிலும் முதற்காலத்தில் படைப்பிரிவும் கம்பெனியும் உண்டு. ஆகவே 'முல்லர்', 'ஷ்மித்', 'ஹூபர்' என்று வெறும் குடும்பப் பெயர் மட்டும் இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க இயலும். இன்னவர் 1914 ஆகஸ்டில் விழுந்தார், இன்னவர் காயமுற்றார், இன்னவரைக் காணவில்லை என்று ஒவ்வொரு பெயராக எழுதி வருவர். 1916 இறுதியில் பட்டியலிலிருந்து படைப்பிரிவின் பெயர்கள் எடுக்கப்பட்டு, அகரவரிசை மட்டும் எஞ்சியது. அதற்குப்பின் விழுந்த முல்லர் எந்த முல்லர் என்று எளிதில் தெரிவதில்லை. தேடுபவரின் குறிப்பேட்டில் அந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது.